விறாந்தையை அடைத்தல்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் அமைப்பை உற்றுநோக்குபவர், அவ்வீட்டார் எவரை எவ்விடம் வரை வரவிட்டனர் என்பதை அதன் தரையிலேயே வாசித்துக்கொள்ளலாம். படலை, முற்றம், படி, விறாந்தை, மண்டபம், அறை, அடுக்களை என உள்நோக்கிச் செல்லும் அவ்வொழுங்கில் ஒவ்வோரிடமும் ஒவ்வொரு தரத்தாருக்கு எல்லையாக இருந்தது. இவற்றுள் விறாந்தை நடுவிடம். அதற்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. வீட்டுக்கும் அது உரியது, வீதிக்கும் உரியது. கலியாணம் பேச வந்தோரும், காணிக் கதை கொண்டு வந்தோரும், மழைக்கு ஒதுங்கியோரும், பஞ்சாங்கம் பார்க்க வந்தோரும் முதலில் அமர்ந்த இடம் அதுவே. அமரும் உரிமை இல்லாதோர் முற்றத்தில் நின்றனர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

விறாந்தை என்னும் சொல் போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்தது என்பர். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அவர்கள் 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்து சென்றனர். நாற்பது ஆண்டு நிரம்பாத அவ்வாட்சி போன பின்னரும் கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, கிறாதி என அவர்களுடைய சொற்கள் நம் வீடுகளிலேயே தங்கிவிட்டன. ஆயின் சொல் புதிதேயொழியப் பொருள் புதிதன்று. திண்ணை நம்முடையது. வழிப்போக்கருக்கெனப் படலைக்கு மேலே கூரையிட்டு, இருபுறமும் இருக்கை அமைத்த சங்கடப்படலை நம்முடையது. பருத்தித்துறையிலே வீதியையே உள்ளடக்கிக் கட்டப்பட்ட தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. வெளியார் வந்து இருப்பதற்கென வீட்டின் ஒரு பகுதியைத் திறந்துவைக்கும் வழக்கம் நம் கட்டடக் கலையின் பழைய வழக்கங்களுள் ஒன்று எனலாம்.

அவ்விறாந்தைகள் இப்போது ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. முதலில் கள்வருக்கு அஞ்சி இரும்புக் கம்பி வந்தது. போர்க்காலத்தில் எஞ்சிய வாசல்களைப் பலகையும் தகரமும் மறைத்தன. 2009 இற்குப் பின்னர், வெளிநாட்டுப் பணத்தோடு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வந்தன. காப்பற் வீதிகளில் விரையும் வாகனங்களின் இரைச்சலும் புழுதியும், நுளம்பும், தெருநாய்களும் அடைப்பதற்குக் காட்டப்படும் காரணங்கள். அவை பொய்க் காரணங்களல்ல. வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றில் அவ்வாறு அடைபடவிருந்த ஒரு விறாந்தையின் வரலாறு இங்கு கூறப்படுகின்றது.

அவ்வீடு 1938 இல் எழுந்தது. மலாயாவில் புகையிரத திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய ஒருவர் தம் ஒரே மகளுக்கென அதனைக் கட்டினார். தேசவழமைக்கு ஒத்தபடி அது மகளுக்குச் சீதனமாயிற்று. பின் அவர் மகளுக்குச் சீதனமாயிற்று. முதலில் சீதனம் பெற்றவரே இன்று தொண்ணூறு வயதைக் கடந்து அவ்வீட்டில் வாழும் ஆச்சி. அவருடைய மருமகன் இளைப்பாறிய புவியியல் ஆசிரியர்.

விறாந்தை மேற்கு நோக்கியது. இருபத்துநான்கு அடி நீளம், எட்டடி அகலம். உருண்டைத் தூண்கள் நான்கு. அவற்றுக்கிடையே முழங்கால் உயர அரைச்சுவர். பனஞ்சிலாகைகளின் மேல் ஓடு வேய்ந்த கூரை முற்றத்தை நோக்கித் தாழ்ந்து இறங்கும். தரை சிவப்புச் சீமெந்து. தேங்காய்ப் பொச்சினால் பல தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேறியது. பிற்பகல் வெயிலுக்குத் தூண்களின் வெளிப்புறத்தே கிடுகுத் தட்டிகள் தொங்கும். ஐந்தரை மணிக்கு அவற்றைச் சுருட்டிக் கட்டினால் படலையும் வீதியும் தெரியும். அவ்வேளையில் ஆச்சியின் சாய்மனைக் கதிரை வெளியே வரும்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது அவ்வீட்டாரும் வெளியேறினர். அடுத்த ஆண்டு சித்திரையில் திரும்பியபோது சுவரும் தரையும் இருந்தன. கதவு, யன்னல், கூரையின் ஒரு பகுதி ஓடு, இறப்பிலே பொருத்தியிருந்த தகரப் பீலி என்பன இருக்கவில்லை. அக்காலத்தில் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990 இலேயே இயங்காதொழிந்தது. ஆகவே கிடைத்ததைக்கொண்டு கிடைத்தவாறு வீடு ஒக்கிடப்பட்டது. உளுத்துப்போன சிலாகை நுனிகளை அரிந்து இறப்பைச் சற்றுக் குறைத்தனர். தட்டிகள் மீளத் தொங்கவில்லை. பீலி பின்னர் பார்க்கலாம் என விடப்பட்டது. பின்னர் எவரும் பார்க்கவில்லை.

2022 கார்த்திகை மாத மழையில், ஈரமான அச்சிவப்புத் தரையில் ஆச்சி வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அந்த வயதில் இடுப்பு முறியாதது பெரும் பேறு என மருத்துவர் கூறினார். அன்று தொடங்கியது விறாந்தையை அடைக்கும் பேச்சு.

பேச்சைத் தொடக்கியவன் கனடாவில், ரொறன்ரோ நகரில் வாழும் பேரன். அவனுடைய வீட்டின் பின்புறத்தே, திறந்த தளமாக இருந்த பகுதியை மூன்று பக்கமும் கண்ணாடியிட்டு அறையாக்கியிருந்தான். வெளியே உறைபனி கிடக்க, அவன் பிள்ளைகள் உள்ளே வெறும் சட்டையோடு வெயிலில் விளையாடும் படங்களை அனுப்பினான். செலவு முழுவதும் தன்னுடையது என்றான். "கண்ணாடி போட்டால் அம்மம்மாவுக்கு மழையும் படாது, வெளியும் தெரியும் அப்பா" என்றான். அந்தச் சொற்களில் குறை காண்பதற்கு ஆசிரியரால் முடியவில்லை.

குளிர் நாடுகளில் அத்தகைய அறை எத்துணைப் பயனுடையது என்பது எளிதில் விளங்கக்கூடியது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான தீர்வை 1845 இலும், யன்னல் வரி 1851 இலும் நீக்கப்பட்டன. அதே 1851 இல் இலண்டன் ஹைட் பூங்காவில் யோசேப்பு பாக்ஸ்ரனின் பளிங்கு மாளிகை இரும்பாலும் கண்ணாடியாலும் எழுந்தது. செல்வர் தோட்டத்துச் செடிகளுக்கு மட்டும் கிடைத்த கண்ணாடி வீட்டின் வெப்பம் பின்னர் மனிதர் வாழும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. ரொறன்ரோ ஏறத்தாழ 44 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. மார்கழி நடுப்பகலில் ஞாயிறு அங்கு தென்வானில் 23 பாகை உயரம் மட்டுமே ஏறும். சரிந்து வரும் அவ்வெயில் தெற்கு நோக்கிய கண்ணாடியூடாக அறையின் கடைக்கோடி வரை செல்கின்றது. தரையும் சுவரும் அதனை உறிஞ்சிச் சூடேறுகின்றன. அவை திருப்பி வெளிவிடும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதிற் போகவிடுவதில்லை. சூடேறிய காற்றும் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகின்றது. வெயில் அரிதாகக் கிடைக்கும் நாட்டில் வெயிலைச் சேமித்துவைக்கும் பெட்டி அது.

யாழ்ப்பாணமோ 10 பாகை வட அகலக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கிடக்கின்றது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் ஒருமுறையும், ஆவணி மாதத்தில், ஓகஸ்ற் இறுதியை ஒட்டி இன்னொரு முறையும் ஞாயிறு நமக்கு நேரே உச்சம் கொடுக்கின்றது. மார்கழியிற்கூட நடுப்பகல் ஞாயிறு 57 பாகைக்குக் குறைவதில்லை. இங்கு வெயிலைச் சேமிக்கவேண்டிய தேவை எவருக்கும் இருந்ததில்லை. நம் முன்னோர் அமைத்த தாழ்ந்த இறப்பும், ஓடும், தட்டியும், கிறாதியும் வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே விடுவதற்கான உபாயங்கள். இவற்றை முப்பத்துமூன்று ஆண்டு மாணவருக்குக் கற்பித்த ஆசிரியர், பச்சைவீட்டு விளைவைக் கரும்பலகையிலே படம் கீறி விளக்கிய ஆசிரியர், தம் வீட்டு விறாந்தைக்குக் கண்ணாடி போடுவதைப் பற்றிச் சிந்தித்தபோது இவற்றுள் ஒன்றையும் நினைக்கவில்லை. நினைக்கச் செய்தவர் மேசன்.

2023 பங்குனியில் ஒரு காலையில் மேசன் அளவெடுக்க வந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். ஆசிரியரிடம் ஒருகாலத்தில் படித்தவர். அவர் நாடாவை எடுக்குமுன் முற்றத்தில் நின்று கூரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு படியருகே, நிலத்தில் வரிசையாகக் குழிந்திருந்த பள்ளங்களைக் காலால் தட்டிக் காட்டினார்.

"சேர், தண்ணி பக்கத்தாலை வரேல்லை. மேலாலை விழுந்து, இதிலை தெறிச்சுத்தான் உள்ளுக்கை வருது. பீலி எங்கை?"

"அது தொண்ணூற்றைஞ்சிலை போனது."

"அப்ப இருபத்தெட்டு வரியமாப் பீலி இல்லை. இப்பச் சுவர் கேக்கிறியள்."

ஆசிரியர் சிரிக்க முயன்றார். கண்ணாடியைப் பற்றிக் கேட்டபோது மேசன் மறுத்துச் சொல்லவில்லை. தாம் கண்டதை மட்டும் சொன்னார்.

"போன வரியம் ஒரு வீட்டுக்கு இப்பிடி முழுக்கக் கண்ணாடி போட்டுக் குடுத்தனான். அதுவும் மேற்குப் பாத்த விறாந்தைதான். வடிவெண்டால் வடிவுதான் சேர். மூண்டு மணிக்குப் பிறகு அதுக்கை மனிசர் இருக்கேலாது. இப்ப அவை அதுக்கை மிளகாய் காயப்போடுகினம்."

அன்று பிற்பகல் ஆசிரியர் பழைய குறிப்புக் கொப்பி ஒன்றை எடுத்துக் கணக்கிட்டார். தூண்களுக்கிடையே இருபத்துநான்கு அடி நீளத்துக்கு ஐந்தடி உயரக் கண்ணாடி எனின் 120 சதுர அடி. ஏறத்தாழ 11 சதுர மீற்றர். பிற்பகல் நான்கு மணியளவில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீற்றரில் ஐந்நூறு வாற்று வெயில் விழுவதாகக் குறைத்தே கொண்டாலும், சாதாரண கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். ஆயிரம் வாற்று மின்னடுப்பு நான்கினை ஏற்றிவைத்து, அவற்றின் நடுவே தொண்ணூறு வயது மூதாட்டியை இருத்துவதற்கு அஃது ஒப்பாகும். உள்ளே திரை போடலாமே என்ற எண்ணமும் எழுந்தது. திரையில் விழும் வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயில்; தட்டியில் விழும் வெயில் உள்ளே வராத வெயில். மாமனார் காலத்துக் கிடுகுத் தட்டி எதற்காக வெளிப்புறத்தில் தொங்கியது என்பது, அவ்வீட்டுக்கு மருமகனாகி நாற்பது ஆண்டு கடந்த பின்னர் அவருக்கு விளங்கிற்று.

ஆயின் கண்ணாடி வேண்டாம் என்று முதலிற் கூறியவர் ஆச்சியே. கணக்கு எதுவும் பாராமல், கை முறிந்து கட்டுடன் இருந்த நாளிலேயே அவர் கூறிவிட்டார். அதனை முதியோரின் பிடிவாதம் என எல்லோரும் விட்டுவிட்டனர். "கண்ணாடிக்குள்ளாலை படலை நல்லாத் தெரியும் மாமி" என்று ஆசிரியர் எடுத்துக்கூறியபோது ஆச்சி கேட்ட கேள்விக்கு எவரும் பொருள் தேடவில்லை.

"கண்டால் காணுமோ? கூப்பிட வேண்டாமோ?"

அக்கேள்வியின் பொருள் மேசன் வந்த அன்றுதான் வெளிப்பட்டது.

அளவெடுத்து முடிந்ததும் ஆசிரியரின் துணைவியார் தேநீர் கொண்டு வந்தார். மேசன் கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கிப்போய்க் கடைசிப் படியில் அமர்ந்தார். ஆச்சி சாய்மனைக் கதிரையிலிருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மேலை ஏறி இரு."

"பறவாயில்லை ஆச்சி. உடுப்பெல்லாம் சீமெந்து ஊத்தை."

"ஊத்தையெண்டாலும் பறவாயில்லை. ஏறி இரு."

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் முதுமையின் நடுக்கமன்று என்பதை அங்கிருந்தோர் உணர்ந்தனர். மேசன் எழுந்து வந்து அரைச்சுவரின் ஓரத்தில் அமர்ந்தார். அப்போது ஆச்சி அவருடைய தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மேசனின் தந்தை ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். ஆண்டுதோறும் அவ்வீட்டுக்கு வேலியடைக்க வந்தவர். பனையோலை வெட்டுவதும், கிடுகு கட்டுவதும், மாரிக்கு முன் கூரையைப் பார்ப்பதும் அவர் பணிகள். விறாந்தையில் தொங்கிய தட்டிகளும் அவர் கட்டியவையே. தட்டியைத் தூணிலே பொருத்துவதற்கு அவர் முற்றத்தில் ஏணி வைத்து ஏறினாரேயன்றி, விறாந்தையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அவருக்கென ஒரு தகரப் பேணி கிணற்றடிக் கொட்டிலின் இறப்பிலே செருகியிருக்கும். அதனைத் தாமே எடுத்து, தாமே கழுவி நீட்டுவார்; தேநீர் மேலிருந்து ஊற்றப்படும். ஆச்சியை அவர் 'நாச்சியார்' என்றே அழைத்தார். வந்தால் படலையைத் திறந்து முற்றத்து மூலையில் நிற்பார். கூப்பிடமாட்டார், இருமியும் காட்டமாட்டார். எவராவது காணும் வரை நிற்பார்.

இந்நிலை சட்டத்தால் மாறியதில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1966 இலிருந்து தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் சம உரிமை கேட்டு எழுந்த போராட்டங்கள் யாழ்ப்பாணத்தை உலுக்கின. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்தவை நாடறிந்தவை. கடையும் கோயிலும் பொது இடங்கள். சட்டத்தின் கையும் போராட்டத்தின் குரலும் அங்கு எட்டின. ஒருவரின் சொந்த வீட்டு விறாந்தையில் எவர் இருக்கலாம் என்பதை வீட்டுக்காரரின் மனமே தீர்மானித்தது. ஆசிரியர் பேராதனையிற் பயின்ற காலத்தில் இவ்விடயங்களைப் பற்றி உணர்ச்சியோடு பேசியவர். சங்க மலரொன்றில் சாதியொழிப்புப் பற்றிக் கட்டுரையும் எழுதியவர். மணமுடித்து அவ்வீட்டுக்கு வந்தபின், இறப்பிலே செருகியிருந்த பேணியை நாள்தோறும் கண்டார். அதைப் பற்றி எவரிடமும் அவர் கேட்டதில்லை.

1995 ஆம் ஆண்டு அவ்விரவில் மழை பெய்தது. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி ஓரடி ஓரடியாக நகர்ந்தனர். ஆச்சியின் கணவர் நடக்கமுடியாத நோயாளி. மேசனின் தந்தை தம்முடைய சைக்கிளின் பின்னே அவரை இருத்தி, துவாயொன்றால் தம் முதுகோடு சேர்த்துக் கட்டி, அவ்விரவு முழுவதும் உருட்டிச் சென்றார். தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையிலே இரு குடும்பமும் ஆறு மாதம் வாழ்ந்தன. ஒரே அடுப்பு, ஒரே பானை. இருந்த குவளைகள் இரண்டு. எது எவருடையது என்று பார்ப்பதற்கு அங்கு இறப்பும் இல்லை, கொட்டிலும் இல்லை. அங்கும் அவர் 'நாச்சியார்' என்றே அழைத்தார்.

திரும்பி வந்து மூன்று வாரம் சென்றிருக்கும். ஒருநாள் மாலை ஆச்சி வெறுமையான விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முற்றத்து மூலையில் அவர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வேலி முழுவதும் விழுந்து கிடந்தது. அடைக்கவேண்டுமோ என்று கேட்க வந்திருந்தார். ஏறி இரும் என்ற சொல் ஆச்சியின் வாய்வரை வந்தது. வேலியில்லாத வளவுக்கு அப்பால் அயல்வீட்டார் இருவர் நின்றுகொண்டிருந்தனர். சொல் வாயோடு நின்றுவிட்டது. கொட்டிலிலிருந்த பேணியும் களவு போயிருந்தபடியால், அன்று வீட்டுக் கோப்பையில் தேநீர் கொடுத்தார். அவர் அதனை நின்றபடியே குடித்துவிட்டுக் கழுவி வைத்துச் சென்றார். அதன் பின் மூன்று ஆண்டுகள் வந்து போனார். 1999 இல் இறந்தார்.

"மூண்டு வரியம் தம்பி" என்றார் ஆச்சி. "வந்து நிண்ட நாளெல்லாம் சொல்லலாமெண்டுதான் இருந்தனான். ஒருநாளும் சொல்லேல்லை."

பின்னர் ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி போட்டால் வாறவை கதவைத் தட்டோணும். தட்டாமல் நிக்கிறவையும் இருக்கினம். என்ரை குரல் கண்ணாடிக்கு வெளியிலை போகாது."

மேசன் சிறிது நேரம் பேசவில்லை. ஆறுதல் கூறவோ, பரவாயில்லை எனப் போக்கிவிடவோ அவர் முற்படவில்லை.

"அப்பு உதுகளைப் பற்றி வீட்டிலை கதைச்சதில்லை ஆச்சி. இந்தத் தரையைப் பற்றித்தான் சொல்லுவார். கண்ணாடி மாதிரிப் பூசியிருக்கினம், இப்ப ஒருத்தருக்கும் இப்பிடிப் பூச வராது எண்டு."

குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். "தூரத்திலை நிண்டு பாத்துத்தான் சொல்லியிருக்கிறார்" என்றார். தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை அரைச்சுவரிலே வைத்துவிட்டு எழுந்தார். அதனைக் கழுவ அவர் போகவில்லை.

வேலை சித்திரைக்குப் பின் தொடங்கி ஆனியில் முடிந்தது. பேரன் அனுப்பிய பணத்தில் அரைவாசியும் செலவாகவில்லை. இறப்பு மூன்றடி நீட்டப்பட்டுப் படிகளுக்கு அப்பாற் சென்றது. அதன் நுனியிலே பீலி பொருத்தி, நீர் கிணற்றுப் பக்கத்துத் தென்னைகளுக்கு விடப்பட்டது. விறாந்தையின் தென்முனையில் பத்தடி மட்டும் பலகைச் சட்டத்தாலும், சரிவுப் பலகைகளாலும், நுளம்பு வலையாலும் அடைக்கப்பட்டு ஆசிரியரின் நூல்களுக்கும் ஆச்சியின் பகல் உறக்கத்துக்கும் உரிய அறையாயிற்று. கண்ணாடி வைக்கப்பட்டது, வெயில் படாத இறப்பு நிழலில், மேலே ஓரடி உயரத்துக்கு மட்டும். எஞ்சிய பதினான்கு அடியும் திறந்தபடி இருக்கின்றது. படியருகே தரை ஓரத்தில் ஓரடி அகலத்துக்குச் சீமெந்தைச் சொரசொரப்பாக்கி, பிடித்து நடக்கக் கம்பியும் போடப்பட்டது. மெருகேறிய பழைய தரையின் மற்றப் பகுதியில் மேசன் கை வைக்கவில்லை. மேற்குப் பக்கத்துக்குத் தட்டிகளைக் கட்டித் தந்தவரும் அவரே. தந்தையிடம் கற்றது அந்த ஒரு வேலை என்றார்.

ஆவணியில் பேரன் பிள்ளைகளோடு வந்தான். தான் கேட்டது இதுவன்று என அவன் முதலிற் சிறிது மனங்குறைந்ததும் உண்மை. ஞாயிறு உச்சம் கொடுத்த நாளில் ஆசிரியர் முற்றத்தின் நடுவே ஒரு தடியை நட்டு, நண்பகலில் அதன் நிழல் தடியின் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். சூடு தாங்காமல் அவர்கள் விறாந்தைக்கு ஓடிவந்து, சிவப்புத் தரையில் வயிறு படப் படுத்துக்கொண்டனர். அவர்களுடைய தந்தை அப்போது கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை.

ஆச்சி இப்போது படலையில் எவரைக் கண்டாலும் ஏறி இருக்குமாறு அழைக்கின்றார். மின்மானி பார்க்க வருபவரும், கடிதம் கொண்டு வருபவரும், அதிர்ஷ்ட இலாபச் சீட்டு விற்பவரும் நேரமில்லை எனக் கூறி நகர்ந்துவிடுகின்றனர். வீட்டார்க்கு அது சில வேளைகளில் சங்கடமாகவும் இருக்கின்றது. மேசன் கடைசித் தவணைப் பணத்தை வாங்க வந்தபோது அழைக்குமுன்னரே ஏறி வந்து வாங்கில் அமர்ந்தார்; செருப்பை மட்டும் கீழே விட்டிருந்தார்.

அவ்வாண்டு கார்த்திகையில் மழை தொடங்கிய மாலை ஒன்றில், பெட்டியும் கடகமும் விற்கும் முதியவள் ஒருத்தி படலையைத் திறந்து உள்ளே வந்து, முற்றத்து மூலையில் நின்றாள். அவள் எவரையும் கூப்பிடவில்லை. ஆச்சி கண்டார்.

"ஆர் அது? நனையாதை. ஏறி வா பிள்ளை."

"இல்லை நாச்சியார், நான் இதிலை நிக்கிறன்."

"நாச்சியார் எண்டாதை. ஏறி வா."

முதியவள் தயங்கினாள். ஆச்சி மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார். அவள் மெல்ல வந்து, கடகத்தை இறக்கிவைத்துக் கடைசிப் படியில் அமர்ந்தாள். அதற்குமேல் அவள் ஏறவில்லை. ஆச்சியும் அவளை வற்புறுத்தவில்லை. இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அப்படியில் இப்போது தண்ணீர் தெறிப்பதில்லை.